முப்பத்தெட்டு நாள் தாடி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதுவும் ஒரு லுங்கியைப் பார்த்து வந்த பொறாமை.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. மாடியில் நானும் மனைவி எழிலரசியும் மகள் கவிநிலாவும் இருக்கிறோம். கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன ஐப்பசியில் ரேவதி அங்கே குடிவந்தார். அவர் கணவர் குமரேசன் ராணுவத்தில் ஹவில்தார், வடக்கே எங்கோ இருந்தார். ரேவதிக்குத் துணையாக மாமியார் வெள்ளையம்மாள் வந்திருந்தார். அடி அண்ணாமலையில் சொந்த வீடும் கொல்லையும் இருக்க, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று இங்கே வந்திருந்தார்கள்.

தை மாதக் கடைசியில் குமரேசன் இரண்டு மாத லீவில் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரே இடைவெளி. கிளிப்புகள்கூட ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. சாயங்காலம் அவர் பால் வாங்கப் போனார். கட்டியிருந்த லுங்கியில் இஸ்திரிக் கோடு இருந்தது.

நான் கலெக்டர் ஆபீசில் தபால் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் சட்டையில் இரண்டாவது பட்டன் கிடையாது. எப்போது விழுந்தது என்று கேட்டால் வருடம்தான் சொல்ல முடியும். பதினேழு வருடமாக இதைச் சகித்துக்கொண்டிருந்த எழில், அந்த லுங்கியைப் பார்த்த நாளோடு சகிப்பதை நிறுத்திவிட்டாள். "கீழ் வீட்டுக்காரரைப் பாருங்க" என்பது எங்கள் வீட்டின் காலை வணக்கமாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பழி தீர்த்துக்கொள்ள முடிவு செய்தேன். அவரை ஒரு கதையில் போட்டுக் கொஞ்சம் கோமாளியாக்கிவிடுவது. (கதை எழுதுகிறவன் வீட்டில் வாடகைக்குப் போகாதீர்கள். தண்ணீர் வசதி நன்றாக இருந்தாலும் போகாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "ஹவில்தார் குமரேசனின் வீட்டில் எறும்புகள்கூட வரிசையாகத்தான்—"

அடித்துவிட்டேன். எறும்பு எந்த வீட்டிலும் வரிசையாகத்தான் போகும்.

இரண்டாவது தொடக்கம்: "ஒழுங்கு என்பது ஒரு பயம். அழுக்கைக் கண்டு நடுங்குகிறவன்தான்—"

இதையும் விட்டுவிட்டேன். மூன்று வாக்கியம் தாண்டினால் இது என்னைப் பற்றிய கட்டுரையாகிவிடும் என்று தோன்றியது.

மூன்றாவது தொடக்கத்தை நான் யோசிக்கவில்லை, பார்த்தேன். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. தினமும் காலை ஐந்து மணிக்குக் குமரேசன் அங்கே வந்து நிற்பார். ஒரு தகரப் பெட்டியைத் திறப்பார். உள்ளே சவர பிரஷ், ரேசர், பாதி தேய்ந்த சோப்பு, சின்னக் கத்தரிக்கோல். பிரஷ்ஷை நனைத்துக் கழுவி உதறுவார். ரேசரைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போய்விடுவார்.

சவரம் மட்டும் செய்ய மாட்டார். முகத்தில் பத்து நாள் தாடி.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது (புரிந்துவிட்டதாக நினைத்தேன்). இந்த ஆள் ராணுவத்திலிருந்து ஓடிவந்தவர். திரும்பிப் போகப் போவதில்லை. குற்ற உணர்ச்சியில் தினமும் ரேசரைக் கழுவுகிறார். நான்கு பக்கம் எழுதி எழிலிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் தோசை தீய்ந்துபோனது.

"ஏங்க, ரேவதிக்கு ஆறாம் மாசம். பொண்டாட்டி முழுகாம இருந்தா புருஷன் சேவ் பண்ண மாட்டான், முடி வெட்ட மாட்டான். இதுகூடத் தெரியாம என்ன கதை எழுதறீங்க? நீங்க எதுக்குத் தாடி வச்சீங்க?"

கவிநிலா இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வயிற்றில் இருந்தபோது விட்ட தாடியை நான் இன்னும் எடுக்கவில்லை. காரணம் மறந்து, தாடி மட்டும் தங்கிவிட்டது. நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.*

* வெளியூர் வாசகருக்கு: மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் முடி எடுக்கக் கூடாது. மலை ஏறக் கூடாது. கடலில் குளிக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. குடும்பத்துக்குக் குடும்பம் இது கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும், கொஞ்சம் கம்மி இருக்கும். என்னைப் போல மேசையில் உட்கார்ந்து தபாலுக்கு எண் போடுகிறவனுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு சிப்பாய் இந்தப் பட்டியலைப் படித்தால் அவருடைய வேலையைத்தான் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்.

3

இனிமேல் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை எழில்தான் சொன்னாள்.

ரேவதிக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதலாவது மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டாவது ஆறாம் மாதத்தில். இரண்டு தடவையும் குமரேசன் பணியில் இருந்தார். பணியில் இருந்தால் தினமும் காலையில் முகம் மழித்தாக வேண்டும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை முடி வெட்டியாக வேண்டும். மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று பரேடில் போய்ச் சொல்ல முடியுமா? டாக்டர் வேறு காரணம் சொன்னார், மாத்திரை கொடுத்தார், படுத்திருக்கச் சொன்னார். ரேவதி அத்தனையும் கேட்டார். ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. வெள்ளையம்மாள் மகனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எழிலிடம் மட்டும் ஒரு நாள் சொல்லியிருக்கிறார், "எம்மவன் தினம் கத்தி வச்சான். நான் இன்னாத்த சொல்றது? அவன் சோறு அதுல இருக்குது."

இந்தத் தடவை ரேவதி முழுகாமல் இருப்பது தெரிந்த பிறகு குமரேசன் லீவே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஆறாம் மாதமும் ஏழாம் மாதமும் வீட்டில் இருக்கும்படி அறுபது நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பதினான்கு வருட சர்வீசில் அவர் முகத்தில் தாடி வந்தது இதுதான் முதல் தடவை. அறுபது நாளும் கத்தி படாமல் கடந்துவிட்டால் போதும் என்பது வெள்ளையம்மாளின் கணக்கு. நம்பிக்கையா, இல்லையா என்று நான் குமரேசனிடம் கேட்டேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இன்னொரு தடவை நடந்து, அதற்குத் தன் முகம்தான் காரணம் என்று அம்மா மனதுக்குள் நினைப்பதை அவரால் தாங்க முடியாது என்றார்.

அப்படியானால் பயன்படுத்தாத ரேசரை எதற்குத் தினமும் கழுவுகிறீர்கள் என்றும் கேட்டேன். வெட்கப்பட்டார்.

"கை மறந்துடும் சார்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். நான் ராணுவச் சவரத்தை மேலதிகாரிகளின் வீம்பு என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் உன்னைப் பார்த்து நம்ப வேண்டும் என்றார். முகத்தை விட்டவன் துப்பாக்கியையும் விட்டிருப்பானோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அதில் விஷயம் என்றார். இதை எழுதும்போது கவனிக்கிறேன், இத்தனை வருடத்தில் என் பக்கத்து மேசைக்காரர் என் சட்டையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்போதுதான் பிரகாஷ் இந்தக் கதைக்குள் வந்தார்.

பிரகாஷ் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். குமரேசனோடு ஒரே நாளில் சேர்ந்து, ஒரே யூனிட்டில் இருந்தவர். உயரத்தில், பனிக்குள் இருக்கும் காவல் முகாமில் இருவரும் நான்கு மாதம் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். அங்கே மழிக்காவிட்டாலும் கேட்க ஆளில்லை. முடி வெட்டவும் ஆளில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டம்ளர் வெந்நீரை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்காருவார்களாம். முகத்தை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். பின்கழுத்து? அதை எந்தக் கண்ணாடியிலும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. ஆகவே குமரேசனின் பின்கழுத்தைப் பிரகாஷ் மழிப்பார். பிரகாஷின் பின்கழுத்தைக் குமரேசன் மழிப்பார். கீழே இறங்கி வந்த பிறகும், முகாமில் முடிவெட்டும் ஆள் இருந்தும், அந்தப் பழக்கத்தை இருவரும் விடவில்லை.

"அவன் கை பட்டாதான் சார் காலர் ஒட்டாம நிக்கும்" என்றார் குமரேசன்.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளையம்மாள்.

கதைக்கு ஒரு எதிரி வேண்டும். ராணுவத்தை எதிரியாக்கினால் குமரேசனுக்குப் பிடிக்காது. ஆகவே இரண்டாவது கையெழுத்துப் படியில் வெள்ளையம்மாளைக் கொடுமைக்கார மாமியாராக எழுதினேன். குங்குமம் பெரிதாக வைத்தேன். குரலை உயர்த்தினேன். "நீ இந்த வூட்டுக்கு வந்த நேரம்—" என்று ஒரு வசனம் எழுதிக்கொண்டிருந்தபோது அவரே மாடிக்கு வந்தார். அவித்த வேர்க்கடலையை ஒரு தூக்கில் கொண்டுவந்து எழிலிடம் கொடுத்துவிட்டு, ரேவதி ராத்திரியில் புரண்டு படுக்கச் சிரமப்படுகிறாள், உங்கள் வீட்டில் பஞ்சுத் தலையணை கூடுதலாக இருக்கிறதா என்று கேட்டார். கடலையைத் தின்றுகொண்டே அந்த வசனத்தை அடித்தேன். அடித்த பக்கத்தில் கடலையின் ஈரக் கறை பதிந்துவிட்டது.

5

முப்பத்தெட்டாம் நாள். செவ்வாய்க்கிழமை பகல். யூனிட்டிலிருந்து மேலதிகாரியான சுபேதார் குமரேசனைப் போனில் கூப்பிட்டார். மலைப்பாதையில் வண்டி சரிந்துவிட்டது. பிரகாஷ் இறந்துவிட்டார். உடல் விமானத்தில் சென்னை வந்து, மறுநாள் காலை ஊருக்கு வருகிறது.

சுபேதார் நல்ல மனிதர். கட்டாயம் எதுவும் இல்லை, நீ லீவில் இருக்கிறாய், உன் வீட்டு நிலைமையும் தெரியும் என்றாராம். சுபேதாரோடு ஐந்து பேர் உடலுடன் வருகிறார்கள். தூக்க ஆறு பேர் வேண்டும். ஆறாவது ஆளைச் சென்னையிலிருந்தே கூட்டிவந்துவிடலாம். நீ வந்தால் நீ, வராவிட்டால் அவன்.

குமரேசன் அம்மாவிடம் சொல்லிவிட்டு மாடிக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த என்னிடம் சொன்னார். கர்ப்பிணியிடம் சாவுச் செய்தியை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். கூடவே ஒரு முட்டாள்தனமான கேள்வியும் கேட்டேன். தாடியோடு யூனிஃபார்ம் போட்டால் என்ன?

"அப்படிப் போட்டா அது வேஷம் சார்" என்றார்.

ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வெள்ளைச் சட்டை, சாதாரண பேன்ட். தாடியோடு போவது. தெருமுனையில் கூட்டத்தோடு நிற்பது. வீட்டுக்குள் போகாமல், சவப்பெட்டியைத் தொடாமல், திரும்பி வந்துவிடுவது. அம்மாவும் அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். இதைச் சொல்லிவிட்டு அவர் என் வீட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகு சாயவில்லை. கண்கள் மட்டும் என் புத்தக அலமாரியில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

6

அடுத்த நாள் காலை நடந்ததற்கு என்னிடம் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் இரண்டும் முந்தின ராத்திரியே ஊகத்தில் எழுதியவை.

(அ) குமரேசன் யாருக்கும் தெரியாமல் பஸ் ஸ்டாண்டு சலூனில் மழித்துக்கொண்டு, கார் டிக்கியில் ஒளித்து வைத்த யூனிஃபார்மை வழியில் மாட்டிக்கொண்டு போகிறார். விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் இந்த மனிதர் கார் டிக்கியில் யூனிஃபார்மைச் சுருட்டி வைப்பார் என்று எழுத எனக்கே கை கூசியது.

(ஆ) வெள்ளையம்மாள் வாசலை மறித்து அழுகிறார். குமரேசன் தாயா நாடா என்று ஒரு பக்கம் பேசுகிறார். எழில் இதைப் படித்துவிட்டு, "அவரு அவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல" என்றாள்.

(இ) நடந்தது.

ஐந்தரைக்குக் காரை வெளியே எடுத்துவிட்டு, கிளம்பலாமா என்று கேட்கப் பின்கட்டுப் பக்கம் போனேன். குமரேசன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்திருந்தார். ரேவதி கதவில் சாய்ந்து நின்று அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முந்தின சாயங்காலமே தெரிந்துவிட்டிருந்தது. பிரகாஷின் ஊர்க்காரர்கள் எல்லாரும் போனில் அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். ஒளித்து வைக்க இப்போதெல்லாம் இடமில்லை.

ரேவதி உள்ளே போனார். தகரப் பெட்டியை எடுத்துவந்து துவைக்கிற கல்மேல் வைத்தார். பிறகு உள்ளே திரும்பிப் போய் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தார்.

"உக்காருங்க."

"வேணாம் ரேவதி."

"முன்னாடி நீங்க பண்ணிக்குவீங்க. பின்னாடி யாரு பண்ணுவா? அவருதான் இல்லியே."

குமரேசன் உட்கார்ந்தார். எனக்கு அங்கே நிற்பது சரியில்லை என்று தெரிந்தது. கால் நகரவில்லை. (கதை எழுதுகிறவனுக்கு வெட்கம் கம்மி. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

முதலில் குமரேசன் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தார். விரித்து வைத்த செய்தித்தாளில் மயிர் விழுந்தது. பிறகு நுரை பூசி ரேசரை வைத்தார். கை மறக்கவில்லை. கன்னம், தாடை, தொண்டை என்று ஒரு இழுப்புக்கூட வீணாகாமல் மழித்தார். தாடி இருந்த இடம் மற்ற முகத்தைவிட வெளுத்திருந்தது. மீசையை உதட்டுக் கோட்டைத் தாண்டாமல் திருத்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ரேவதி ரேசரை வாங்கினார். ஏழாம் மாத வயிற்றோடு கொஞ்சம் தள்ளித்தான் நிற்க முடிந்தது. இடது கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, பின்கழுத்தில் முதல் இழுப்பு இழுத்தார்.

"நீங்க மட்டும் எடுத்தீங்கன்னா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா உங்கள மட்டும்தான் கேப்பாங்க. இப்ப என் கையும் பட்டுடுச்சு. கேக்கறவங்க ரெண்டு பேரையும் சேத்துக் கேக்கட்டும்."

குமரேசனின் தோள் ஒருமுறை குலுங்கியது. ரேசர் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி நகர்ந்தது.

அப்போது வெள்ளையம்மாள் சமையலறைக் கதவுக்கு வந்தார். (ஆ) படியில் நான் எழுதியதெல்லாம் இதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் பார்த்தார். குனிந்த தலை, மருமகள் கையில் கத்தி, செய்தித்தாளில் முப்பத்தெட்டு நாள் தாடி. உள்ளே போனார். பின்கட்டு விளக்கு எரிந்தது.

"இருட்டுல எப்புடி தெரியும்? காதண்ட பாத்து எடு."

அவ்வளவுதான் சொன்னார். வந்து செய்தித்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வேலை முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றார். அந்த அம்மாளை எதிரியாக எழுதிய இரண்டாம் படியை நான் அன்றைக்கே எரித்துவிட்டேன். அவருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் இல்லாததால் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

7

குளித்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரக் குமரேசனுக்குப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. நான் மணி பார்த்தேன்.

இதை வர்ணிக்க நான்கு வாக்கியம் எழுதி, நான்கையும் அடித்தேன். பளபள, கம்பீரம், மிடுக்கு என்று வருகிறது. அவை எல்லாம் கல்யாண பேண்டுக்காரர்களுக்கும் பொருந்தும். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பேன்ட்டின் மடிப்புக் கோடு இடுப்பிலிருந்து பூட்ஸ் வரைக்கும் எங்கேயும் உடையவில்லை. பெல்ட்டின் பித்தளை சட்டைப் பட்டன்களோடு நேர்க்கோட்டில் நின்றது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் விட்டுத் தொப்பி. பூட்ஸ் முந்தின ராத்திரி பாலிஷ் போட்டதல்ல. லீவில் வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். மாட்டப் போகிறோம் என்று தெரியாமலே தயாராக வைத்திருந்தார். எனக்கு அந்த நிமிஷம் பொறாமை சுத்தமாகப் போய்விட்டது. அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேலே ஓடிப் போய் எழிலிடம் வேறு சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

காரில் அவர் சீட்டில் சாயவே இல்லை. சட்டை கசங்கிவிடும்.

கிராமத்தில் தெரு கொள்ளாத கூட்டம். வேர்க்கடலைக் கொல்லை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் போன். ராணுவ வண்டி வந்து நின்றது. ஆறு பேரும் வரிசையில் நின்றபோது, சுபேதார் ஒருமுறை அவர்களைச் சுற்றி வந்தார். பெல்ட், தொப்பி, தாடை என்று ஒவ்வொருவரிடமும் பார்வை நின்று நகர்ந்தது. குமரேசனுக்குப் பின்னால் வந்ததும் நின்றார். பின்கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. ரத்தம் காய்ந்து புள்ளியாக இருந்தது. சுபேதார் அதைப் பார்த்தார். காலரை விரலால் தொட்டுச் சரிசெய்வது போல ஏதோ செய்தார். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. பிறகு அடுத்த ஆளிடம் போனார்.

தூக்கினார்கள். குமரேசன் முன்னால் இடது பக்கம். கொடி போர்த்திய பெட்டி அவர் கன்னத்தை ஒட்டி இருந்தது. ஆறு பேரின் பன்னிரண்டு கால்களும் ஒரே சத்தம் போட்டன. அத்தனை கூட்டத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் முகத்திலும் அழுகை இல்லை. அவர்கள் அழாமல் இருந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எல்லாரும் அழுதோம். மழித்த முகமும் இஸ்திரிச் சட்டையும் எதற்கு என்று இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. செத்தவருக்குத் தருவதற்கு அவர்களிடம் அதைவிட நல்லது வேறு எதுவும் இல்லை.

எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் பிரகாஷின் அப்பா குமரேசனிடம் வந்தார். மேல்சட்டை இல்லாமல் தோளில் துண்டோடு இருந்தார். குமரேசனின் சட்டைக் கையில் இருந்த மடிப்புக் கோட்டின்மேல் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"எம்புள்ளையும் இப்டித்தான் வச்சிருப்பான்" என்றார்.

குமரேசன் அப்போதும் அழவில்லை. காரில் ஏறி, ஊர் எல்லை தாண்டி, நான் ஏதோ காரணம் சொல்லி வண்டியை ஓரம் கட்டிய பிறகு அழுதார். அப்போது மட்டும் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

8

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடிக்க விடாமல் ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் தெரியும். குழந்தை.

அறுபதாம் நாள் குமரேசன் யூனிட்டுக்குத் திரும்பினார். ரேவதிக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. தினமும் காலையில் வீடியோ காலில் பேசுகிறார்கள். ஒரு நாள் மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன், "திரும்புங்க, பின்னாடி காட்டுங்க" என்று ரேவதி சொல்லிக்கொண்டிருந்தார். யார் எடுத்தது என்று விசாரித்தார். புதிதாக வந்த ஒரு பையன் என்று பதில் வந்தது. இடது பக்கம் கொஞ்சம் விட்டிருக்கிறான், அவனிடம் சொல்லுங்கள் என்றார்.

எழுதி முடித்த வரைக்கும் ரேவதியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்தார். அவருடைய வசனத்தில் ஒரு வார்த்தையைத் திருத்தினார். தாடி விழுந்த செய்தித்தாளை அத்தை என்ன செய்தார் என்று நான் எழுதவில்லையே என்று கேட்டார். தெரியாது என்றேன். அவரும் சொல்லவில்லை. பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அண்ணா, குழந்தையப் பத்தி எழுதாதீங்க. நல்லபடியா பொறந்தாலும் எழுதாதீங்க."

நல்லபடியாகப் பிறந்தால் எழுதுவதில் என்ன தப்பு என்று கேட்டேன். எனக்கு ஒரு நல்ல முடிவு கையில் இருந்தது. தொட்டில், கொழுகொழு குழந்தை, வெள்ளையம்மாள் சிரிப்பு. முக்கால் பக்கம் எழுதியும் வைத்திருந்தேன்.

"நல்லபடியா பொறந்தா, பாத்தியா சேவ் பண்ணாங்க, ஒண்ணும் ஆகலனு சொல்லுவீங்க. அப்படிப் பொறக்கலன்னா..." தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். "ரெண்டுலயும் அவரு மொகத்ததான் பாப்பாங்க. அன்னிக்கி அவரு போனது சரி. அது அன்னிக்கே சரி. அதுக்கு எம்புள்ள வந்து சாட்சி சொல்ல வேணாம்."

முக்கால் பக்கத்தையும் கிழித்தேன். இத்தனை வருடமாக எழுதுகிறேன். முடிவு என்பது கதைக்குத் தீர்ப்பு என்று எனக்கு ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆகவே அவசரமாக எழுதுகிறேன். முதல் பக்கத்திலிருந்தே அவசரம்தான், உங்களிடம் சொல்லவில்லை. குழந்தை பிறப்பதற்கு முன்னால் இந்தக் கதை முடிந்துவிட வேண்டும். பிறந்த பிறகு எழுதினால், எழுதாமல் விட்டாலும் என் வாக்கியங்களில் அது தெரிந்துவிடும். சந்தோஷத்தில் எழுதினேனா, துக்கத்தில் எழுதினேனா என்று நீங்கள் மோப்பம் பிடித்துவிடுவீர்கள்.

9

இன்று வியாழக்கிழமை. காலை பத்தே கால். வெள்ளையம்மாள் கீழேயிருந்து எழிலைக் கூப்பிடுகிறார். குரலில் பதற்றம் இல்லை, ஆனால் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். எழில் படியில் இறங்கிக்கொண்டே, "ஏங்க, வண்டிய எடுங்க, ரேவதிக்கு வலி வந்துடுச்சு" என்கிறாள். நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரேவதி தெரிகிறார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருகிறார். போனில் ஒரு முகம், அந்தப் பக்கம் காலைப் பணி முடித்து வந்திருக்க வேண்டும். இங்கிருந்து எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. மழித்திருப்பார், அது மட்டும் நிச்சயம்.

நீங்கள் இதைப் படிக்கும்போது இந்தப் பிரசவம் எப்படி முடிந்தது என்று வேங்கிக்காலில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வந்து விசாரித்தால் சொல்வார்கள். விசாரிக்காமல் உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்களே வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்த முடிவை வைத்தாலும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதை எடுத்துக்கொண்டு அந்தப் புதன்கிழமைக் காலைக்குத் திரும்பிப் போகாதீர்கள். அங்கே ஒருத்தி கணவனின் பின்கழுத்தை மழித்துக்கொண்டிருக்கிறாள். என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் செய்தாள்.

கார் சாவியை எடுத்துக்கொண்டுவிட்டேன்.